லைலாக்கும் மல்லிகையும்: கத்தரிக்கோலை எப்போது எடுப்பது?

லைலாக் என்ற குளிர்நாட்டுப் பூம்புதர் யாழ்ப்பாணத்தில் பூக்காது. கோடை விடுமுறைக்குக் கனடாவில் இருந்து வருபவர்கள் தொலைபேசியில் அந்த ஊதாப் பூங்கொத்துகளைக் காட்டிவிட்டுப் போன பிறகு, எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, "இதில் ஒரு கன்று எடுப்பித்தால் இங்கே வராதா?" என்று கேட்கிறார். கன்று வரலாம். சில மாதங்கள் பச்சையாக நிற்கவும் செய்யலாம். பூ வராது.

அதற்குக் காரணம் மண் இல்லை. நடுநிலையில் இருந்து சற்றுக் காரத்தன்மை வரையுள்ள, நீர் தேங்காத மண் லைலாக்குக்குப் பிடிக்கும். சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்திருக்கும் வலிகாமத்துச் செம்மண்ணோடு அது சமாளித்துக்கொள்ளும். பொருந்தாதது நம்முடைய வானம். லைலாக்கின் பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. பிறகு குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன. பல வாரங்கள் கடுங்குளிரைக் கண்ட பிறகுதான் விழிக்கின்றன. தை மாத விடியற்காலையில் நாம் போர்வையை இழுத்துக்கொள்கிறோமே, அந்தக் குளிர்கூட 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. லைலாக்குக்கு ஏறத்தாழ 7 பாகைக்கும் கீழான குளிர் வாரக்கணக்கில் வேண்டும். நுவரெலியாவில் சில இரவுகளில் உறைபனி விழுகிறது. ஆனால் வெயில் ஏறியதும் அது கரைந்துவிடுகிறது, குளிர் நிலைத்து நிற்பதில்லை. அடியில் பனிக்கட்டி போட்டால் ஏமாற்ற முடியாதா என்றும் கேட்கிறார்கள். குளிர வேண்டியது கிளையின் நுனியில் இருக்கும் மொட்டு. அடியில் கொட்டுகிற பனிக்கட்டி அங்கே எட்டாது.

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் லைலாக்கின் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே நம் வளவுக்குள் இருக்கிறார்கள். மல்லிகை, முல்லை, பிச்சி, பவளமல்லி, இவை எல்லாமே லைலாக்கின் குடும்பம். ஒலிவ மரத்தின் பெயரால் தாவரவியலாளர்கள் அந்தக் குடும்பத்தை அழைக்கிறார்கள். இதை நம்புவதற்குப் புத்தகம் தேவையில்லை. ஓர் ஒற்றை மல்லிகைப் பூவை எடுத்து அதன் குழாயை நகத்தால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே இரண்டே இரண்டு மகரந்தக் கேசரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பவளமல்லியிலும் இரண்டுதான். கனடாவில் இருக்கும் என் அக்கா வீட்டு லைலாக்கின் ஒரு சிறு பூவையும் அப்படிக் கீறிப் பார்த்தேன். அங்கும் இரண்டு. கடல் கடந்து நிற்கும் ஓர் உறவை அந்த இடத்தில் கண்டுகொண்ட மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

உறவு ஒன்றானாலும் பழக்கம் ஒன்றில்லை. லைலாக் பழைய தடியில் பூக்கிறது. மல்லிகை புதிய தளிரில் பூக்கிறது. இரண்டையும் பராமரிப்பதில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இதை அறியாமல் வெட்டுவதால் வருகிறது. இந்தச் செடி அடுத்த பூவை இப்போது எங்கே வைத்திருக்கிறது என்று கிளையைத் திருப்பிப் பார்க்காமல் நான் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

என் அக்கா ரொறன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் இருக்கிறார். அவர் வாங்கிய வீட்டின் பின்வளவில், வேலியோரமாக, முந்தைய உரிமையாளர் வைத்த பழைய லைலாக் புதர் ஒன்று நின்றது. தொடக்கத்தில் நன்றாகப் பூத்ததாம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, கடைசியில் இலை மட்டும் செழித்து நின்றது. நான் போய் அவருடன் தங்கியிருந்த நேரத்தில் அதை வேரோடு எடுப்பிக்கப் போவதாகச் சொன்னார். "பூக்காத செடிக்கு இவ்வளவு இடம் எதற்கு? அந்த இடத்தில் தக்காளி வைக்கலாம்" என்றார். "ஒரு நாள் பொறுங்கள் அக்கா, நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

பார்த்தவுடன் தெரிந்தது. புதரின் மேற்பகுதிக் கிளைகள் எல்லாம் ஒரே உயரத்தில், மதில் கட்டியது போல நேராக, வெட்டுப்பட்டிருந்தன. விசாரித்தால், இலையுதிர்காலத்தில் வளவைத் துப்புரவு செய்ய ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் போகிற போக்கில் இதன் தலையையும் சீராக்கிவிட்டுப் போகிறார்களாம். அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சீராக்கியது அடுத்த வசந்தத்தின் பூ.

லைலாக்கின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். ரொறன்ரோவில் மே மாதத்தின் பிற்பாதியில் பூத்து, இரண்டு வாரங்களில் ஓய்ந்துவிடுகிறது. வாடிய கொத்துக்குச் சற்றுக் கீழே, எதிரெதிராக, இரண்டு இளந்தளிர்கள் கிளம்புகின்றன. அவை ஜூனில் நீண்டு, ஜூலை, ஆகஸ்டில் தம் நுனியில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகளைக் கட்டிவிடுகின்றன. இலை உதிர்ந்த பிறகு கிளை நுனியைப் பார்த்தால் பருத்த, உருண்ட மொட்டுகள் இரண்டு அக்கம்பக்கமாக இருக்கும். அவை பூமொட்டுகள். கீழே ஒல்லியாக இருப்பவை இலைமொட்டுகள். செப்டம்பருக்குப் பிறகு நுனியை வெட்டினால் பூமொட்டுகள் எல்லாம் குப்பைப் பைக்குள் போய்விடும். ஏப்ரலில் வெட்டினாலும் அதே கதைதான். ஆகவே லைலாக்கை வெட்டுவதற்கு உரிய காலம், பூ வாடியதில் இருந்து ஜூன் முடிவதற்குள். அதற்கு மேல் காய்ந்த தடியையும் முறிந்த தடியையும் தவிர வேறெதையும் தொடக்கூடாது.

ஒப்பந்தக்காரர்களிடம் புதரை விட்டுவிடும்படி அக்கா சொல்லிவிட்டார். வாடிய கொத்துகளை எடுக்கும்போது கீழேயுள்ள இரண்டு தளிர்களும் தப்ப வேண்டும், அவற்றுக்கு மேலே ஒட்டி வெட்டுங்கள் என்று காட்டிக்கொடுத்தேன். அடுத்த இலையுதிர்காலத்தில் கிளை நுனிகளைப் படம் எடுத்து அனுப்பினார். பருத்த மொட்டுகள் வரிசையாக இருந்தன. வசந்தத்தில் புதரின் வெயில் படும் பக்கம் முழுவதும் பூத்தது.

மல்லிகையைப் பற்றி எனக்குப் பாடம் கிடைத்தது வேறு விதமாக. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, போரினால் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். மறு ஆண்டு சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது, அம்மா கிணற்றடியில் வைத்த மல்லிகை ஆள் புக முடியாத புதராகி, கிணற்றுக்கட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. எந்தப் புதருக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாத காலம் அது. தண்ணீர் அள்ள வேண்டும், கிணற்றடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்பா எட்ட நின்று, நீண்ட தடியில் கட்டிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெட்டி, கடைசியில் அடியை முழங்கால் உயரத்தில் தறித்துவிட்டார். வெயில் கொளுத்தும் மாதத்தில் இப்படி வெட்டினால் பட்டுப்போகும் என்று அம்மா கவலைப்பட்டார். பாத்திரம் கழுவிய தண்ணீரை எல்லாம் அதன் அடியில் ஊற்றினார். தறித்த கட்டைகளில் இருந்து செம்மை கலந்த தளிர்கள் வெடித்தன. ஆனி மாதத்தில் ஒவ்வொரு தளிரின் நுனியிலும் மூன்று மூன்றாக மொட்டு. அந்த ஆண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு கை பூ எடுத்துப் போனார்கள்.

அதே வெட்டை அதே மாதத்தில் லைலாக்குக்குச் செய்திருந்தால் ஓர் ஆண்டுப் பூ போயிருக்கும், அல்லது மூன்று ஆண்டுப் பூ போயிருக்கும். மல்லிகை வெட்டுக்கு நன்றி சொல்லும் செடி. வெட்டத் தயங்குகிறவர்களின் வளவில்தான் அது கீழே குச்சியும் மேலே இலையுமாக நிற்கிறது.

ஆனாலும் மல்லிகைக்கும் ஒரு காலம் உண்டு. தமிழ்நாட்டு விவசாயக் கையேடுகள் நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்துச் செய்யச் சொல்கின்றன. யாழ்ப்பாணத்தில் நான் அந்தத் திகதியைப் பின்பற்றுவதில்லை. நமக்கு வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் இருப்பதே கார்த்திகையில். மழைக்குள் வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் நின்று கட்டை அழுகுகிறது, புதுத் தளிரும் வெயில் காணாமல் நோஞ்சானாக வருகிறது. மழை தணிந்து, வாடைக் காற்று காய்ந்து வீசத் தொடங்கும் மார்கழிப் பிற்பாதியில் இருந்து தைப்பொங்கல் வரை எனக்கு வெட்டும் காலம். அதற்கு முன் தண்ணீரைக் குறைத்துவிடுவேன். கூரான கத்தரிக்கோலால் நிலத்தில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே, சரிவாக வெட்டுகிறேன். காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, மண்ணைத் தொட்டுக் கிடப்பவை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுகிறேன். மிஞ்சும் இலைகளையும் உருவிவிடுவேன். பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, மரத்தைக் கொன்றுவிட்டீர்களா?" என்று கேட்கும் அளவுக்கு வெட்ட வேண்டும்.

வெட்டிய பிறகு அடியைக் கொத்தி, நன்றாக உக்கிய மாட்டெருவோ ஆட்டெருவோ போட்டு, மேலே பூவரசங்குழையும் கிளிசரியாக் குழையும் பரப்பி மண்ணால் மூடுகிறேன். தோட்டக்காரர்கள் புகையிலைக்கும் மிளகாய்க்கும் குழை தாழ்த்துவது போன்ற வேலைதான். செம்மண் இளகி ஈரம் பிடிப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. மாசியில் தளிர் தள்ளும், பங்குனியில் மொட்டு வரும். அப்போது முதல் ஒன்றைவிட்ட நாள் தண்ணீர் வேண்டும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த நுனியை இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால், கிள்ளிய இடத்தில் இரண்டு தளிர் வந்து இரண்டிலும் மொட்டு வைக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பூ வேண்டும் என்றால் ஆனி மாதத்தில் இந்தக் கிள்ளலைச் செய்துவிடுங்கள். பிச்சிக்கும் முல்லைக்கும் இதே முறைதான். பிச்சியைத் தையிலும் முல்லையைத் தைக் கடைசியிலும் வெட்டலாம்.

மண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லைலாக்குக்கு உதவும் சுண்ணாம்பு மல்லிகைக்குத் தொல்லை. கோண்டாவில், இணுவில் பக்கம் ஆழமான செம்மண் கிடைக்கும். ஆனால் பல வளவுகளில் இரண்டு அடி தோண்டினால் அலவாங்கு கல்லில் மோதுகிறது. கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவதுதான். இப்படிப்பட்ட இடத்தில் மல்லிகையின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக வலை விரித்து நிற்கும். உடனே யூரியா வாங்கிப் போடுகிறார்கள். நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியில் உள்ள முதிய இலை. நுனியில் உள்ள இளம் இலை நரம்பு பச்சையாக மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு கூடிய மண்ணில் வேரால் அதைக் கரைத்து எடுக்க முடிவதில்லை. லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் பெரசு சல்பேற்றுக் கரைத்து, மாலை வேளையில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இலையில் தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வருகின்றன. அதைவிட நிலையான வழி, நடும்போதே ஒன்றரை அடி ஆழ அகலத்துக்குக் குழி எடுத்து, கல்லை அப்புறப்படுத்தி, செம்மண்ணும் எருவும் இலைச்சருகும் கலந்து நிரப்புவது. வீடு கட்டிய இடிபாடுகளும் சுண்ணாம்புச் சாந்தும் கிடக்கும் சுவரோரத்தில் மல்லிகை வைக்க வேண்டாம். வெள்ளம் நிற்கும் பள்ளத்திலும் வேண்டாம். கார்த்திகை மழையில் சில நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிவிடும்.

வெயில் விடயத்தில் மல்லிகைக்கும் லைலாக்குக்கும் வேறுபாடே இல்லை. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மாமரத்தின் கீழே மல்லிகையை வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு நான் உரம் எதுவும் சொல்வதில்லை. இடத்தை மாற்றச் சொல்கிறேன்.

பூச்சிகளில் மொட்டுப்புழுவும் மொட்டு ஈயும்தான் வீட்டுச் செடிக்குப் பெரிய தொல்லை. மொட்டில் ஓட்டை விழுந்து, இரண்டு மூன்று மொட்டுகள் நூலால் பிணைந்திருந்தால் அது புழு. மொட்டு பருக்காமல் ஊதா நிறமாகிச் சுருங்கினால் ஈயின் குஞ்சுகள் உள்ளே இருக்கின்றன. இரண்டிலும் கெட்ட மொட்டுகளைப் பறித்து எரித்துவிடுவதே முதல் வேலை. நிலத்தில் விழவிட்டால் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகித் திரும்பவும் மேலே வரும். 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து தெளிக்கிறேன். வேம்பு இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் இல்லை, ஆகவே இதற்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் பிடிக்கும். குழாய்த் தண்ணீரை அடிப்பக்கமாகப் பீச்சியடித்தால் அடங்கிவிடும்.

அக்காவின் லைலாக்குக்குத் திரும்புகிறேன். பூக்கத் தொடங்கிய பிறகும் ஒரு குறை இருந்தது. பூ எல்லாம் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், கீழே வெறும் தடி. முதிர்ந்த லைலாக் புதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிவிடுகின்றன. மல்லிகையைப் போல ஒரேயடியாகத் தறித்தால் புதர் சாகாது, அடியில் இருந்து நிறையத் தளிர் வரும். ஆனால் அந்தத் தளிர்கள் பூக்கும் வயதுக்கு வர மூன்று ஆண்டுகள் வரை ஆகும். அவ்வளவு காலம் பூ இல்லாமல் இருக்க மனமில்லாதவர்களுக்கு வேறு முறை உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, பூ முடிந்ததும், மிகத் தடித்த தடிகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கைவாளால் நிலமட்டத்தில் அறுத்துவிட வேண்டும். மிஞ்சியவை பூத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் புதியவை வளரும். மூன்று ஆண்டுகளில் புதர் முழுவதும் புதுத்தடியாகிவிடும். அக்கா இந்த வழியைத்தான் எடுத்தார்.

அடியில் இருந்து கிளம்பும் பக்கக்கன்றுகளில் இடைவெளி விட்டுத் திடமான சிலவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். கடையில் வாங்கிய ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே இருந்து வருவது வேறு செடி, அதை விடவே கூடாது. உரத்திலும் கவனம் தேவை. அங்கே புல்தரைக்குத் தூவும் உரத்தில் நைதரசன் அதிகம். அது பக்கத்தில் நிற்கும் லைலாக்கின் வேருக்கும் போய், இலையை வளர்த்துப் பூவைக் குறைக்கிறது. வசந்தத்தில் அடியில் கொஞ்சம் உக்கிய எரு பரப்பினால் போதும். ஆகஸ்டில் இலைகளின் மேல் மாப்பூசியது போன்ற வெண்பூஞ்சணம் படியும். பார்க்க அசிங்கமே தவிரப் புதரைக் கொல்வதில்லை. நடுவில் நெரிசலைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் அடுத்த ஆண்டு குறையும். நானாக இருந்தால் அதற்கு மருந்து தெளிக்க மாட்டேன். லைலாக்குக்குச் சுண்ணாம்பு போட வேண்டும் என்று அங்கே பலர் சொல்கிறார்கள். மண் புளிப்பாக இருந்தால்தான் அது தேவை. பரிசோதிக்காமல் போடுவது வீண்.

லைலாக் வகைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் மே கடைசியில் ஹமில்ரன், பேர்லிங்ரன் பக்கத்தில் உள்ள ரோயல் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். சரிவான ஒரு பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான புதர்களை வைத்திருக்கிறார்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம் கலந்த ஊதா, அடுக்குப்பூ என்று எல்லாமே இருக்கின்றன. அடுக்கு லைலாக் வகைகளில் பலவற்றைப் பிரான்சின் நான்சி நகரத்தில் 19ஆம் நூற்றாண்டில் விக்ரர் லெமுவான் என்பவர் உருவாக்கினார். அவருக்குப் பார்வை குறைந்திருந்ததால், அந்தச் சிறு பூக்களுக்குள் மகரந்தம் சேர்க்கும் நுண்வேலையை அவருடைய மனைவி செய்தாராம். மல்லிகை மொட்டைக் காம்பு முறியாமல் பறித்துப் பழகிய கைகளுக்கு அந்த அம்மாவின் பொறுமை புரியும். ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் 1920களில் இசபெல்லா பிரெஸ்ரன் என்ற பெண்மணி உருவாக்கிய வகைகள் கடுங்குளிரைத் தாங்குபவை. சாதாரண லைலாக் ஓய்ந்த பிறகு பூக்கின்றன. சிறிய வளவில் பூக்காலத்தை நீட்ட நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்து வைக்கலாம்.

நம் ஊருக்கு லைலாக்கின் இடத்தில் ஒரு செடி சொல்லுங்கள் என்றால் நான் பவளமல்லியைத்தான் சொல்வேன். அதுவும் புதராக எழுந்து, கொத்தாகப் பூத்து, வளவு முழுவதும் மணக்கும் செடி. ஆவணி, புரட்டாதியில் தொடங்கி மார்கழி வரை இரவில் மலர்ந்து விடியும்போது உதிர்கிறது. நிலத்தில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்ற வழக்கம் இதற்கு மட்டும் தளர்கிறது. மாலையில் அடியைக் கூட்டி, ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டால் காலையில் அப்படியே அள்ளலாம். இதய வடிவில் தட்டையாக இருக்கும் காயில் இரண்டு விதைகள் இருக்கும். காய் பழுப்பாகி வெடிக்கும் முன் பறித்து, விதையைப் புதிதாகவே போட்டால் நன்றாக முளைக்கும். சதுரமான இளந்தண்டை வெட்டி நட்டாலும் மழைக்காலத்தில் வேர் பிடிக்கிறது. வறண்ட மாதங்களில் இலை உதிர்ந்து வாடித் தெரியும், பட்டுவிட்டது என்று தோண்டிவிடாதீர்கள். இதை வெட்டும் காலம் மாசி, பங்குனி. அப்போது பூவும் காயும் முடிந்திருக்கும், புதுத்தளிர் தொடங்கியிருக்காது. மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்தால் பூ கைக்கு எட்டும். ஆடியில் வெட்டினால் ஆவணியில் மொட்டு வைக்கவிருந்த நுனிகளை இழப்பீர்கள். மல்லிகையைப் போலப் புதுத்தளிரில் பூப்பதுதான், ஆனாலும் ஆண்டுக்கு ஒரே பருவம் என்பதால் லைலாக்கைப் போல நாள் பார்த்து வெட்ட வேண்டும்.

கன்று பகிர்ந்துகொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். மல்லிகைக்குப் பதியம் போல எளியது இல்லை. மழை தொடங்கும் ஐப்பசியில் தாழ்வான ஒரு கிளையை வளைத்து, மண் தொடும் கணுவின் அடிப்பக்கம் சிறிது பட்டையைச் சீவி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். தை பிறப்பதற்குள் வேர் விட்டுவிடும். தாய்ச்செடியில் இருந்து வெட்டிச் சாடிக்கு மாற்றி அயலவருக்குக் கொடுக்கலாம். அக்கா தன் லைலாக்கின் பக்கக்கன்றுகளை வசந்தத் தொடக்கத்தில், இலை விரியும் முன், வேரோடு தோண்டி அயலில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார். பூக்க ஆண்டுகள் பிடிக்கும் என்பதையும் சொல்லித்தான் கொடுக்கிறார்.

ஆனால் பயணப் பெட்டிக்குள் கன்று வைத்து எந்தப் பக்கமும் கொண்டு போகாதீர்கள். இலங்கைக்குள் செடியும் மண்ணும் அனுமதியின்றிக் கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. தடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆசியாவைச் சேர்ந்த மரகத நிறத் துளைவண்டு ஒன்று வட அமெரிக்காவில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலும் சரக்குப் பெட்டிகளின் மரப்பலகையில் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அது அங்குள்ள ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. ரொறன்ரோத் தெருக்களிலும் அந்த மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. ஆஷ் மரமும் லைலாக், மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மல்லிகை வேண்டும் என்கிற கனடா உறவினர்கள் அங்கேயே நாற்றுமேடையில் வாங்கிச் சாடியில் வளர்க்கலாம். அக்கா வளர்க்கிறார். இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கும் செப்டம்பர் இறுதியில் சாடியை உள்ளே எடுத்து, தெற்கு நோக்கிய யன்னலருகே வைக்க வேண்டும். வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்றில் செஞ்சிலந்திப் பேன் விரைவில் பற்றும் என்பதால், வாரத்துக்கு ஒரு முறை குளியலறையில் வைத்து இலையின் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். தண்ணீர் குறைவாக, உரம் இல்லாமல் வைத்திருந்து, பெப்ரவரி கடைசியில் துணிந்து பாதியாக வெட்ட வேண்டும். மே இறுதியில் உறைபனி அச்சம் நீங்கிய பிறகு வெளியே கொண்டுவரலாம். நேராக வெயிலில் வைத்தால் இலை கருகும். முதல் ஒரு வாரத்துக்கு லைலாக் புதரின் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு வெயிலுக்கு நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.